டிரெயிலுக்கும் பைக் பார்க்குக்கும் ஒரே ஃபுல் சஸ்பென்ஷன் சைக்கிள்: எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது?

பெடல் மிதித்து மேடேறுபவர் ஒரு நாளில் 600 அல்லது 700 மீட்டர் உயரம் ஏறினால், இறங்குவதும் அவ்வளவுதான். லிஃப்ட்டில் மேலே போய் இறக்கத்தில் மட்டும் ஓட்டும் பைக் பார்க்கில் கணக்கு வேறு. ஓர் இறக்கம் 400 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 10 சுற்றில் 4,000 மீட்டர். டிரெயிலில் ஆறு நாள் வாங்கும் அடியைச் சைக்கிள் அங்கே ஒரே நாளில் வாங்கிவிடுகிறது. அடியின் தன்மையும் மாறுகிறது. வளைவுக்கு முன்னால் எல்லோரும் பிரேக் பிடிப்பதால் தரை அலையலையாகக் குழிந்து கிடக்கும்; அதன்மேல் ஓடும்போது இடைவிடாத அதிர்வு. ஜம்ப்பில் பறந்து, இறங்கும் சரிவைத் தவறவிட்டுச் சமதரையில் விழுந்தால், அந்தப் பாரம் முழுவதையும் ஃபிரேமும் சக்கரமும் ஒரே நொடியில் தாங்க வேண்டும்.

"எத்தனை மி.மீ. டிராவல்?", அதாவது சஸ்பென்ஷன் சக்கரத்தை எவ்வளவு தூரம் அசையவிடும், என்பதுதான் வழக்கமாக முதலில் வரும் கேள்வி. அதை இரண்டாம் இடத்துக்குத் தள்ளுங்கள். ஓட்டும் 10 நாளில் எத்தனை நாள் பார்க், அந்த நாட்களில் எந்தப் பாகம் முதலில் கைவிடும் என்பதுதான் முதல் கேள்வி.

10 நாளில் 7 நாள் பெடல் மிதித்தே ஏறுகிறீர்கள் என்றால், பின்னால் 140 முதல் 150 மி.மீ., முன்னால் 150 முதல் 160 மி.மீ. டிராவல் உள்ள கனமான டிரெயில் பைக் போதும். பார்க் நாட்களுக்குத் தடித்த டயரோடு இன்னொரு ஜோடிச் சக்கரம் வைத்துக்கொள்ளலாம். பாதிக்குப் பாதி லிஃப்ட் என்றால் 160 முதல் 170 மி.மீ. உள்ள எண்டியூரோ வகை, அதாவது மேடேறவும் முடிகிற, இறக்கத்துக்கென வலுவாகச் செய்த பைக். கிட்டத்தட்ட எல்லா நாளும் லிஃப்ட்தான், பாதையும் கற்கள் நிறைந்த செங்குத்து இறக்கம்தான் என்றால் மட்டுமே 200 மி.மீ. டவுன்ஹில் பைக். அதில் சீட்டைப் பெடல் மிதிக்கும் உயரத்துக்கு ஏற்ற முடியாது, மேடேறுவதற்கான கியரும் இருக்காது. 120, 130 மி.மீ. பைக்கோடு பார்க்குக்குப் போகவே கூடாதா? மண்ணால் செதுக்கிய வழுவழுப்பான ஜம்ப் பாதைகளுக்குப் போகலாம். வேர்களும் பாறைகளும் நிறைந்த பாதைக்கு அது பொருந்தாது. தாங்குமா என்பதை டிராவல் எண் சொல்லாது. ஃபிரேமின் சோதனை வகை சொல்லும்.

ஃபிரேம் எதற்காகச் சோதிக்கப்பட்டது

வாங்குபவர்கள் பெரும்பாலும் திறந்தே பார்க்காத கையேட்டில் மிக முக்கியமான தகவல் ஒன்று இருக்கிறது. ஏஎஸ்டிஎம் எஃப்2043 என்ற தரநிர்ணயம் சைக்கிள்களைப் பயன்பாட்டு நிலை வாரியாகப் பிரிக்கிறது. நிலை 3 என்றால் கரடுமுரடான பாதை, 61 செ.மீ.க்கு உட்பட்ட தாவல்கள். நிலை 4 என்றால் 122 செ.மீ. வரை. ஜம்ப், டவுன்ஹில், பைக் பார்க் எல்லாம் நிலை 5. பல தயாரிப்பாளர்கள் இதே பகுப்பையோ இதையொட்டிய தங்கள் சொந்தப் பகுப்பையோ கையேட்டில் அச்சிடுகிறார்கள். சிலர் ஃபிரேமிலேயே ஸ்டிக்கராக ஒட்டுகிறார்கள். ஒரே 140 மி.மீ. டிராவல் கொண்ட இரண்டு பைக்குகளில் ஒன்று நிலை 3 ஆகவும் மற்றது நிலை 4 ஆகவும் இருக்கக்கூடும். பார்க்கில் ஃபிரேம் உடைந்தால் உத்தரவாதம் செல்லுமா என்பதை இந்த ஒரு வரிதான் தீர்மானிக்கும்.

அதே கையேட்டில் இன்னும் நான்கு எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: பொருத்தத்தக்க அதிகபட்ச ஃபோர்க் (முன்சக்கரத்தைத் தாங்கும் கவை) டிராவல், அதிகபட்ச ரோட்டர் (பிரேக் தட்டு) அளவு, ஓட்டுபவரின் எடை வரம்பு, இரட்டைக் கிரவுன் (ஃபோர்க்கின் இரு தண்டுகளையும் மேலே இணைக்கும் பாகம்) ஃபோர்க்குக்கு அனுமதி உண்டா இல்லையா. பின்னாளில் செய்யும் மாற்றம் எல்லாவற்றுக்கும் இவைதான் எல்லை.

அலுமினியமா கார்பனா என்பதில் நீண்ட நேரம் செலவழிக்க வேண்டியதில்லை. ஒரே மாடலின் இரண்டு வடிவங்களுக்கு இடையே ஃபிரேம் எடை வித்தியாசம் பெரும்பாலும் ஒரு கிலோவைத் தாண்டாது. பார்க்கில் அதிகம் ஓட்டுபவர் அலுமினிய ஃபிரேம் எடுத்து, மிஞ்சும் பணத்தை நல்ல ஷாக்கிலும் (பின்பக்க அதிர்வுதாங்கி) பிரேக்கிலும் போடுவதே புத்திசாலித்தனம். கார்பனே வேண்டும் என்பவர் ஃபிரேமின் கீழ்க்குழாயான டவுன் டியூபின் அடியில் கல்லடிக்கு ரப்பர் கவசம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

உடம்புக்குப் பொருந்தும் எண்கள்

அளவு அட்டவணையில் எஸ், எம், எல் என்று போட்டிருப்பதை நம்பி வாங்கினால் ஏமாற்றம் நிச்சயம். பார்க்க வேண்டிய எண் ரீச்: பாட்டம் பிராக்கெட்டின் (பெடல் அச்சு சுழலும் இடம்) மையத்திலிருந்து ஹெட் டியூபின் (ஃபோர்க் நுழையும் முன்குழாய்) மேல்முனை வரையுள்ள கிடைமட்டத் தூரம். பெடல் மேல் நின்று ஓட்டும்போது உடல் எவ்வளவு நீளத்தில் பரவும் என்பதை இதுவே முடிவு செய்கிறது. 170 செ.மீ. உயரமுள்ளவருக்கு 440 முதல் 460 மி.மீ., 180 செ.மீ. உயரமுள்ளவருக்கு 465 முதல் 490 மி.மீ. என்பது தொடங்குவதற்கான கணக்கு. இரண்டு அளவுகளுக்கு நடுவில் இருப்பவர், வேகமும் நேரான இறக்கமும் பிடித்தால் பெரியதை எடுக்கலாம். ஜம்ப்பும் மண்ணை அணைத்து உயர்த்திய நெருக்கமான பெர்ம் வளைவுகளும் பிடித்தால் சிறியது கைக்கு அடங்கும். ரீச் எண்ணை ஸ்டாக் எண்ணோடு (அதே இரு புள்ளிகளுக்கு இடையேயான செங்குத்து உயரம்) சேர்த்தே படிக்க வேண்டும். ஸ்டாக் குறைவாக இருந்து, ஹேண்டில்பாரை ஸ்பேசர் போட்டு உயர்த்தினால், சரிந்த ஹெட் டியூபின் வழியே கைப்பிடி பின்னுக்கும் நகர்வதால் கிடைக்கும் ரீச் குறைந்துவிடும்.

ஹெட் ஆங்கிள், அதாவது ஹெட் டியூப் தரையோடு செய்யும் கோணம், டிரெயில் பைக்கில் 64.5 முதல் 66 டிகிரி, எண்டியூரோவில் 63 முதல் 64.5, டவுன்ஹில்லில் அதற்கும் கீழே. கோணம் குறையக் குறைய முன்சக்கரம் உடலுக்கு முன்னால் தள்ளி நிற்கும். செங்குத்தில் தலைகுப்புற விழும் பயம் குறையும். அதற்குக் கொடுக்கும் விலை, மெதுவாக மேடேறும்போது முன்சக்கரம் இங்குமங்கும் அலைவது. டிரெயிலும் பார்க்கும் கலந்து ஓட்டுபவருக்கு 64 டிகிரியை ஒட்டிய கோணம் இரு பக்கமும் உறுத்தாது.

சீட் டியூப் கோணத்தில் ஒரு பொறி இருக்கிறது. அட்டவணையில் 77 டிகிரி என்று போட்டிருப்பது, தயாரிப்பாளர் தேர்ந்தெடுத்த ஒரு சீட் உயரத்தில் அளந்த மதிப்பு. குழாயின் உண்மையான சாய்வு அதைவிட அதிகமாக இருக்கலாம். நீளமான கால் உள்ளவர் சீட்டை உயர்த்த உயர்த்த அது பின்னால் போய்க்கொண்டே இருக்கும். ஏற்றத்தில் எடை பின்சக்கரத்தின் மேல் சாய்ந்து முன்சக்கரம் தூக்கும். உயரமானவர்கள் தங்கள் சீட் உயரத்தில் உட்கார்ந்து பார்த்த பிறகே இந்த எண்ணை நம்ப வேண்டும். எல்லா அளவிலும் செயின்ஸ்டே (பாட்டம் பிராக்கெட்டிலிருந்து பின் அச்சு வரையுள்ள குழாய்) 435 மி.மீ. என்று ஒரே நீளத்தில் வைத்திருக்கும் மாடல்களிலும் இதே சிக்கல்தான்: எஸ் அளவில் சமநிலையாக இருக்கும் வண்டி, எக்ஸ்எல் அளவில் முன்பக்கம் மட்டும் நீண்டு, வளைவில் முன் டயர் பிடிக்காமல் வழுக்கும்.

நீளமான ஃபோர்க் போட்டால் பார்க்குக்குத் தயாராகிவிடும் என்ற எண்ணம் பரவலாக உண்டு. 10 மி.மீ. கூட்டினால் ஹெட் ஆங்கிள் ஏறக்குறைய அரை டிகிரி சாயும். பாட்டம் பிராக்கெட் சில மி.மீ. உயரும், சீட் கோணமும் அதே அளவு படுத்துவிடும், ரீச் குறையும். 10 மி.மீ. வரை பெரும்பாலான ஃபிரேம்கள் ஏற்கும். 20 மி.மீ. கூட்டுவது பல நேரங்களில் ஹெட் டியூப் இணைப்பின் மேல் அனுமதிக்கப்படாத நெம்புவிசையை ஏற்றுவதாகும்.

பின்பக்கம் எப்படி வேலை செய்கிறது

விளம்பரங்களில், பின்சக்கரத்தை ஃபிரேமோடு சேர்க்கும் இணைப்பு அமைப்பின் பெயர்தான் பெரிதாக இருக்கும். ஹார்ஸ்ட் லைட்னரின் பெயரால் வழங்கும் ஹார்ஸ்ட் லிங்க், சாண்டா குரூஸ் பயன்படுத்தும் விபிபி, டேவ் வீகிள் வடிவமைத்த டிடபிள்யூ லிங்க், ட்ரெக்கின் ஏபிபி, உயர் பிவட் (சுழலும் மூட்டு) அமைப்புகள் என ஒவ்வொன்றுக்கும் ரசிகர்கள் உண்டு. ஆனால் பெயர் ஒன்றாகவே இருந்தும் பிவட் புள்ளிகளைச் சில மி.மீ. நகர்த்தினாலே குணம் மாறிவிடும். எனவே பெயரை விட்டுவிட்டு மூன்று வளைவரைகளைக் கேளுங்கள்: லெவரேஜ் விகிதம், ஆன்டி-ஸ்குவாட், ஆன்டி-ரைஸ்.

லெவரேஜ் விகிதம் எளிய கணக்கு. பின்சக்கரம் 150 மி.மீ. உயர, ஷாக் 60 மி.மீ. அமுங்கினால் சராசரி விகிதம் 2.5. இது தொடக்கத்திலிருந்து முடிவு வரை எப்படி இறங்குகிறது என்பதே பார்க்குக்கு முக்கியம். தொடக்கத்தில் 2.9, கடைசியில் 2.3 என்றால் ஏறக்குறைய 21 சதவீதப் புரோகிரஷன். சிறு குழிகளில் மென்மையாக இருந்து, பெரிய தாவலில் அடிதட்டாமல் கடினமாகும் குணம் அதிலிருந்து வருகிறது. புரோகிரஷன் 10 சதவீதத்துக்குக் கீழே உள்ள ஃபிரேமில் காற்று அடைத்த ஏர் ஷாக்கினுள் காற்றிடத்தைக் குறைக்கும் வால்யூம் ஸ்பேசரை நம்பித்தான் அடிதட்டலைத் தடுக்க வேண்டும். அதில் சுருள்வில்லால் இயங்கும் காயில் ஷாக் போட்டால் ஒவ்வொரு பெரிய தாவலிலும் அடிதட்டும், ஏனென்றால் காயிலுக்குக் கடைசியில் கடினமாகும் இயல்பு கிடையாது. விகிதம் சராசரியாக 3ஐத் தாண்டினால், கனமான உடம்புள்ளவருக்குத் தேவைப்படும் காற்றழுத்தம் ஷாக்கின் உச்சவரம்பை நெருங்கிவிடும். பல ஏர் ஷாக்குகளில் அந்த வரம்பு 300 முதல் 350 பிஎஸ்ஐ.

பெடல் மிதிக்கும்போது செயின் இழுப்பு பின்பக்கத்தை அமுங்கவிடாமல் எவ்வளவு தாங்குகிறது என்பதே ஆன்டி-ஸ்குவாட். சேக் நிலையில், அதாவது ஓட்டுபவர் ஏறியதும் சஸ்பென்ஷன் அமுங்கி நிற்கும் நிலையில், 100 சதவீதத்தை ஒட்டி இருந்தால் மேட்டில் வண்டி ஊஞ்சலாடாது. அதைவிட மிக அதிகமானால், சக்கரம் கல்லில் மோதி உயரும்போது செயின் இழுபட்டு, பெடல் பாதத்தை உதைக்கும். பார்க்கின் நீண்ட கல்பாதையில் இந்த உதை பாதத்தைச் சீக்கிரம் சோர்வடையச் செய்யும். ஆன்டி-ரைஸ் பிரேக்கோடு தொடர்புடையது: அது அதிகமாக இருந்தால் பிரேக் பிடிக்கும்போது பின்பக்கம் தாழ்ந்து கோணங்கள் குலையாமல் இருக்கும், ஆனால் சஸ்பென்ஷன் சற்று இறுகும், குறைவாக இருந்தால் சஸ்பென்ஷன் தாராளமாக அசையும், ஆனால் உடல் முன்னுக்குச் சாயும். இரண்டில் எது மேல் என்பது பழக்கத்தைப் பொறுத்தது.

உயர் பிவட் வண்டியில் சக்கரம் அமுங்கும்போது சற்றுப் பின்னோக்கியும் நகரும். சதுரமான கல்விளிம்பில் மோதும்போது இந்த நகர்வு அதிர்ச்சியை நன்றாக விழுங்குகிறது. அப்படி நகர்ந்தால் செயின் நீள வேண்டும். அதைச் சரிக்கட்ட ஒரு ஐட்லர் சக்கரம் வைக்கிறார்கள். ஐட்லரில் அழுக்கும் தேய்மானமும் சத்தமும் உண்டு; செயினுக்கு அடிக்கடி எண்ணெய் விட வேண்டும். நாள்தோறும் பெடல் மிதித்து ஏறுபவருக்கு இதைப் பரிந்துரைக்க மனம் வரவில்லை. லிஃப்டே கதி என்பவருக்கு அருமையான தேர்வு.

ஷாக்கைப் பொறுத்தவரை, பார்க்குக்குக் குறைந்தபட்சத் தேவை தனி எண்ணெய்க் கிண்ணம், அதாவது பிக்கிபேக், உள்ள ஷாக். கிண்ணமில்லாத சிறிய ஷாக்கில் எண்ணெய் குறைவு. நீண்ட இறக்கத்தில் அது சூடேறி டேம்பிங் (எண்ணெயால் அசைவைக் கட்டுப்படுத்தும் தன்மை) தளர்ந்து, கடைசி நிமிடங்களில் வண்டி துள்ளத் தொடங்கும். காயில் ஷாக் வாங்க நினைப்பவர் முதலில் ஃபிரேம் அதை அனுமதிக்கிறதா என்று பார்க்க வேண்டும். நீண்ட யோக் இணைப்பின் மூலம் ஷாக்கை இயக்கும் ஃபிரேம்களில் பக்கவாட்டு விசை ஏறி, காயில் ஷாக்கின் தண்டு வளைவதும் உடைவதும் உண்டு.

ஸ்பிரிங் எண்ணை ஊகிக்க ஒரு குத்துமதிப்பு வழி: உடைகளோடு 80 கிலோ எடை, அதில் 65 சதவீதம் பின்சக்கரத்தில் என்றால் 52 கிலோ. விகிதம் 2.5ஆல் பெருக்கினால் ஷாக்கின் மேல் 130 கிலோ. 60 மி.மீ. ஸ்ட்ரோக்கில் (ஷாக் அமுங்கும் மொத்தத் தூரம்) 30 சதவீத சேக் என்பது 18 மி.மீ. 130ஐ 18ஆல் வகுத்தால் மி.மீ.க்கு 7.2 கிலோ, அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்று மாற்ற 56ஆல் பெருக்கினால் சுமார் 400 பவுண்டு ஸ்பிரிங். சேக் அளந்து பார்த்து 25 பவுண்டு கூட்டவோ குறைக்கவோ நேரலாம்.

முன்பக்க ஃபோர்க்கில் டிராவலைவிடத் தண்டின் விட்டம் கவனிக்கத்தக்கது. டிரெயிலுக்கு 34 முதல் 36 மி.மீ. போதும். 160 மி.மீ.க்கு மேல் டிராவலும் பார்க் பயன்பாடும் சேர்ந்தால் 36க்குக் குறைய வேண்டாம். 80 கிலோவுக்கு மேற்பட்டவர் 38 மி.மீ. எடுத்தால், பிரேக் பிடித்து வளைவுக்குள் நுழையும்போது முறுக்கிக்கொள்ளாத வித்தியாசம் தெரியும்.

சக்கரம், டயர், பிரேக்

29 அங்குலச் சக்கரம் தடைகளை எளிதாக உருண்டு கடக்கும். 27.5 அங்குலம் வளைவில் சட்டென்று சாயும். முன்னால் 29, பின்னால் 27.5 என்று கலந்து போடுவதை சர்வதேச சைக்கிள் அமைப்பான யூசிஐ 2019 சீசனிலிருந்து போட்டிகளில் அனுமதித்த பிறகு அந்த அமைப்பு வேகமாகப் பரவியது. செங்குத்தில் உடலைப் பின்னால் இறக்கும்போது பின் டயர் இடுப்பில் உரசாது என்பது இதன் பெரிய பலன். உயரம் குறைந்தவர்களுக்கு இது நிஜமான உதவி. ஆனால் 29க்கென்றே வடிவமைத்த ஃபிரேமில் சிறிய பின்சக்கரம் போட்டால் பாட்டம் பிராக்கெட் தாழ்ந்து பெடல் கல்லில் இடிக்கும். அதற்கென ஃபிரேமின் அளவுகளை மாற்றும் ஃபிலிப் சிப்போ தனி லிங்க்கோ தயாரிப்பாளர் கொடுத்திருந்தால் மட்டும் மாற்றுங்கள்.

டயரின் பூப்போட்ட வடிவத்தைவிட அதன் பக்கச்சுவரின் தடிமன் பார்க்கில் பேசும். மாக்சிஸ் டயர்களில் எக்ஸோ, எக்ஸோ பிளஸ், டபுள்டவுன், டிஹெச் என்று தடிமன் ஏறிக்கொண்டே போகும். மற்ற நிறுவனங்களிலும் இப்படியே படிநிலைகள் உண்டு. மெல்லிய எக்ஸோவோடு பார்க்குக்குப் போனால், கல்விளிம்பில் டயர் ரிம்மோடு நசுங்கி வெட்டுப்படுவதும் ரிம் நெளிவதும் நடக்கும். பயந்து காற்றைக் கூட்டினால் பிடிமானம் போய்விடும். 75 கிலோ எடையுள்ளவர் 2.4 அல்லது 2.5 அங்குல டயரில், டிரெயிலுக்கு முன்னால் 22, பின்னால் 25 பிஎஸ்ஐ என்று தொடங்கலாம். பார்க்குக்குத் தடித்த டயரில் 2 முதல் 3 பிஎஸ்ஐ கூடுதல். பின்சக்கரத்தில் மட்டும் டயருக்குள் நுரை இன்செர்ட் போடுவது ரிம்முக்கு நல்ல காப்பு.

இரண்டாவது ஜோடிச் சக்கரம் வைத்துக்கொள்பவர் கவனிக்க வேண்டிய இரண்டு சங்கதிகள். ஹப் வேறாக இருந்தால் ரோட்டர் நிற்கும் இடம் ஒரு மயிரிழை மாறும். ஒவ்வொரு முறையும் கேலிப்பரை (பேட்களை அழுத்தும் பிரேக் பாகம்) தளர்த்திச் சரிசெய்யாமல் இருக்க, ரோட்டருக்குப் பின்னால் 0.1 அல்லது 0.2 மி.மீ. மெல்லிய ஷிம் தகடு வைத்து ஒரு தடவை சமப்படுத்திவிடுங்கள். அடுத்தது, தேய்ந்த செயினோடு புது கேசட் சேராது, மிதிக்கும்போது நழுவும். இரண்டு கேசட்டையும் ஒரே காலத்தில் தேயவிட வேண்டும்.

பிரேக்கில் சிக்கனம் பார்க்காதீர்கள். நான்கு பிஸ்டன் கேலிப்பர், இரண்டு பக்கமும் 200 அல்லது 203 மி.மீ. ரோட்டர் என்பது பார்க்குக்கு அடிப்படை. கனமானவர் முன்னால் 220 போடலாம், ஃபோர்க் அனுமதித்தால். இரண்டு பிஸ்டன், 180 மி.மீ. ரோட்டரோடு வரும் டிரெயில் பைக் நீண்ட இறக்கத்தில் லீவர் கைப்பிடி வரை இழுபடும் நிலைக்கு வந்துவிடும். ஆர்கானிக் பேட் சத்தமின்றிச் சீக்கிரம் பிடிக்கும், சூட்டில் வேகமாகத் தேயும். சின்டர்டு பேட் சூட்டையும் ஈரத்தையும் தாங்கும், கொஞ்சம் கத்தும். புது பேட் போட்டதும் மிதமான வேகத்திலிருந்து, சக்கரம் பூட்டாமலும் முழுதாக நிற்காமலும், 20 தடவை இறுகப் பிடித்து வேகத்தைக் குறைக்க வேண்டும். இதைச் செய்யாமல் நேரே பார்க்கில் இறங்கினால் பேட் மேற்பரப்பு கண்ணாடிபோல் மெருகேறி, பிரேக் கடைசிவரை வலுவாகப் பிடிக்காது.

கியரில் சொல்ல அதிகமில்லை. எந்த 12 வேக அமைப்பும் போதும். செயின் நழுவாமல் காக்கும் செயின் கைடு பொருத்த ஃபிரேமில் ஐஎஸ்சிஜி 05 துளைகள் இருக்கட்டும். ஸ்ராம் 2019இல் அறிமுகப்படுத்திய யூடிஹெச் என்ற பொதுவான ஹேங்கர் (டெரெய்லரை மாட்டும் துண்டு) உள்ள ஃபிரேமாக எடுத்தால், டெரெய்லர் அடிபட்டு ஹேங்கர் வளையும்போது மாற்றுப் பாகம் தேடி அலைய வேண்டாம். ஓட்டும்போதே சீட்டை இறக்கும் டிராப்பர் போஸ்ட்டுக்கு, அது எத்தனை மி.மீ. இறங்கும் என்பதோடு சீட் டியூபுக்குள் எவ்வளவு ஆழம் நுழையும் என்பதையும் கேளுங்கள். நடுவில் வளைவோ பிவட்டோ இருந்தால் 200 மி.மீ. போஸ்ட் முழுதாக உள்ளே போகாது.

ஓட்டிப் பார்க்கும்போதும், பழையது வாங்கும்போதும்

சேக் சரிசெய்யாமல் ஓட்டிப் பார்ப்பதில் பயனில்லை. ஓட்டும் உடை, தலைக்கவசம், தண்ணீர்ப் பையோடு ஏறி, டேம்பிங்கைத் திறந்து வைத்து, பின்னால் 30 சதவீதம், முன்னால் 20 சதவீதத்தை ஒட்டி வையுங்கள். 60 மி.மீ. ஸ்ட்ரோக்கில் அது 18 மி.மீ.; 150 மி.மீ. ஃபோர்க்கில் 30 மி.மீ. பிறகு ரீபவுண்டு, அதாவது அமுங்கிய சஸ்பென்ஷன் மீளும் வேகம்: சீட்டில் உட்கார்ந்தபடி ஒரு நடைபாதை விளிம்பிலிருந்து இறங்கும்போது வண்டி ஒரு தடவை எழுந்து அமைதியாக வேண்டும். இரண்டு மூன்று தடவை ஆடினால் ரீபவுண்டு வேகம் அதிகம். எழவே தயங்கினால் மிக மெதுவாக இருக்கிறது. அடுத்தடுத்த குழிகளில் சஸ்பென்ஷன் மீண்டு வராமல் தாழ்ந்துகொண்டே போகும். சமதளத்தில் ஆடாமல் மிதிக்க முடிவதைப் பார்த்து மயங்க வேண்டாம். காற்றை அதிகமாக அடைத்து வைத்திருந்தாலும் அப்படித்தான் தெரியும்.

பார்க்கில் ஓடிய பழைய வண்டியைச் சோதிக்க 10 நிமிடம் போதும். பின்சக்கரம் தரையில் இருக்க, சீட்டைப் பிடித்து மெல்ல மேலே தூக்குங்கள். சக்கரம் எழும்புவதற்கு முன் "டக்" என்று ஒரு தளர்வு தெரிந்தால் ஷாக் புஷிங்கோ பிவட் பேரிங்கோ தேய்ந்திருக்கிறது. புஷிங் மலிவான வேலை. பேரிங் முழுத் தொகுப்பு அப்படியல்ல. ஃபோர்க் தண்டில் நகத்தை ஓட்டுங்கள்: நகம் மாட்டும் கீறல் இருந்தால் சீல் கிழியும், எண்ணெய் கசியும். முன் பிரேக்கைப் பிடித்து வண்டியை முன்னும் பின்னும் ஆட்டும்போது கிரவுனிலிருந்து முனகல் சத்தம் வந்தால் தண்டும் கிரவுனும் இணையும் அழுத்தப் பொருத்தம் தளர்ந்திருக்கிறது. அதை இறுக்க வழியில்லை, அந்தப் பாகத்தையே மாற்ற வேண்டும். வெல்டிங் அருகே, குறிப்பாக ஹெட் டியூபின் அடியிலும் ஷாக் மாட்டும் இடத்திலும் செயின் பக்கச் செயின்ஸ்டேயிலும், பெயின்ட்டில் மயிர்க்கோடு தெரிகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பாட்டம் பிராக்கெட் அருகில் உள்ள பிவட்டே முதலில் தண்ணீர் வாங்கித் துருப்பிடிக்கும். அங்கே கை வைத்துப் பின்சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டினால் தளர்வு விரலில் தெரியும்.

பழையதில் கேட்க வேண்டிய கடைசிக் கேள்வி: ஃபோர்க்கின் கீழ்க்கால் எண்ணெய் எப்போது மாற்றியது? ராக்ஷாக்ஸ் தன் ஃபோர்க்குகளுக்குக் கீழ்க்கால் சர்வீஸை 50 மணி நேரத்துக்கு ஒரு முறை செய்யச் சொல்கிறது. பார்க்கில் வாரத்துக்கு இரண்டு நாள், நாளுக்கு 5 மணி நேரம் என்று ஓடினால் அது ஐந்தே வாரத்தில் வந்துவிடும். பதில் தெரியாமல் விற்பவர் விழித்தால், ஃபோர்க், ஷாக் இரண்டின் முழு சர்வீஸ் செலவையும் விலையிலிருந்து கழித்துப் பேசுங்கள். புதிதாக வாங்கினாலும், முதல் 5 முதல் 10 மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு எல்லா பிவட் போல்ட்டுகளையும் டார்க் ரெஞ்சு கொண்டு கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்கி, ஸ்போக் இழுவிசையையும் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். புதுச் சக்கரத்தில் ஸ்போக்குகள் படிந்து தளர்வது அந்த முதல் சில ஓட்டங்களில்தான்.